அரைநாட் கூலியும் பொற்சிறகும்

ஆல்பிரட் ரஸல் வாலேஸ் என்னும் ஆங்கில அறிஞர் இயற்றிய "மலாய்த் தீவுக்கூட்டம்" என்ற பயண நூல் 1869-ம் ஆண்டு இலண்டன் மாநகரில் இரு பாகங்களாக வெளிவந்தது. நூற்றைம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அது புதிது புதிதாக அச்சிடப்பட்டு வருகின்றது. நாம் வாழும் இப்பகுதியைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்களுள் அதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கவை சிலவேயாகும். அதனைப் புகழ்ந்து எழுதியோர் பலர். அப்புகழுரைகளிற் பெரும்பாலானவை, உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்ற கொள்கையை டார்வினோடு சேர்ந்து அவரும் கண்டறிந்தார் என்பதையே சுற்றிச் சுற்றி வருகின்றன. 1858-ம் ஆண்டில் தெர்னாத்தே தீவிலிருந்து அவர் அனுப்பிய கட்டுரையும், அவ்வாண்டு ஜூலை முதல் தேதி அது இலண்டனில் டார்வினுடைய எழுத்தோடு சேர்த்துப் படிக்கப்பட்ட வரலாறும் யாவரும் அறிந்தனவே. அவ்விஷயத்திற்குள் நாம் இங்கே புகவில்லை. அந்நூலில் அரிய வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்த செய்தி எங்ஙனம் எழுதப்பட்டிருக்கின்றது, அந்த எழுத்தில் யார் நன்றாகத் தெரிகின்றார்கள், யார் மங்கித் தெரிகின்றார்கள் என்பதையே நோக்கப் புகுந்தோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுதல் நலம். பூச்சி பிடிக்கக் கடல் கடந்து வந்தவர் என்றவுடன், செல்வச் செழிப்பில் பிறந்து பொழுதுபோக்காக வலை வீசிய பிரபு ஒருவரை வாசகர்கள் மனத்தில் எண்ணுதல் கூடும். வாலேஸ் அத்தகையவரல்லர். வறுமையினால் பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டவர்; நிலம் அளக்கும் தொழில் செய்து வயிறு வளர்த்தவர். தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளில் நான்கு ஆண்டுகள் திரிந்து சேர்த்த பொருள்களோடு 1852-ம் ஆண்டு தாயகம் திரும்புகையில், கப்பல் நடுக்கடலில் தீப்பற்றி எரிந்து அவருடைய உழைப்பெல்லாம் சாம்பலாயிற்று. அப்படியும் மனம் தளராது 1854-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 14,000 மைல் பயணம் செய்து, 1,25,660 உயிரினப் படிமங்களைச் சேர்த்தார். அவற்றுள் வண்ணத்துப்பூச்சியும் விட்டிற்பூச்சியும் 13,100, வண்டினம் 83,200. தமக்கென ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை இலண்டனிலிருந்த ஸ்டீவன்ஸ் என்னும் முகவர் மூலம் விற்று, அந்தப் பணத்தில்தான் அடுத்த தீவுக்குப் படகேறினார். ஆகவே அவரும் பிடித்ததை விற்றுப் பிழைத்த ஓர் உழைப்பாளியே. இதை மறவாமல் மேற்கொண்டு வருவதைப் படிக்குமாறு வேண்டுகிறோம்.

நூலில் மிகவும் புகழ்பெற்ற இடம் பச்சான் தீவைப் பற்றிய 24-ம் அத்தியாயத்தில் உள்ளது. பச்சான் என்பது இன்றைய இந்தோனேசியாவின் வட மலுக்குப் பகுதியில், தெர்னாத்தேக்குத் தெற்கே கிடக்கும் தீவு. 1858-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வாலேஸ் அங்குச் சென்றார். முதன்முறை காட்டுக்குள் நடந்தபோதே, கைக்கெட்டாத இலை ஒன்றின்மேல் பெரிய கரிய வண்ணத்துப்பூச்சி அமர்ந்திருக்கக் கண்டார். வெண்மையும் மஞ்சளுமான புள்ளிகள் அதன் சிறகில் இருந்தன. அது பறவையை ஒத்த சிறகுடைய இனத்தைச் சேர்ந்த பெண் பூச்சி என்பதையும், உலகம் இதுவரை அறியாத புதிய வகை என்பதையும் அவர் உடனே உணர்ந்தார். ஆனால் பிடிக்க முடியவில்லை. அதன்பின் இரண்டு மாத காலம் கண்ணில் ஓரிரு முறை தட்டுப்பட்டதேயன்றிக் கையில் அகப்படவில்லை. ஜனவரி மாதத் தொடக்கத்தில், வெண்ணிறப் பேரிலைகளும் மஞ்சள் மலர்களும் கொண்ட முசேண்டா என்னும் செடியின்மேல் அப்பூச்சி வட்டமிடக் கண்டார். அன்று தப்பிற்று. மறுநாள் பெண் பூச்சி வலையில் வீழ்ந்தது. அதற்கடுத்த நாள் ஆண் பூச்சி.

அந்த ஆண் பூச்சியின் சிறகு 7 அங்குலத்திற்கு மேற்பட்ட அகலம். கருநிறப் பட்டு போன்ற பின்னணியில் தீக்கொழுந்தின் செம்மஞ்சள் நிறம். வலையிலிருந்து எடுத்துச் சிறகை விரித்தபோது தம் நெஞ்சு படபடவென அடித்துக்கொண்டதாகவும், இரத்தம் தலைக்கேறியதாகவும், சாவு நெருங்கியபோதுகூட வராத மயக்கம் அப்போது வரப் பார்த்ததாகவும், அன்று முழுதும் தலைவலி நீங்கவில்லை என்றும் வாலேஸ் எழுதுகின்றார். இத்துணைச் சிறிய காரணத்திற்கு இத்துணைக் கிளர்ச்சியா என்று பலர் நகைக்கக் கூடும் என்பதையும் அவரே சொல்லிவிடுகின்றார். அணியலங்காரம் ஏதுமில்லை, உவமையைத் தேடி அலையவில்லை, உடம்பில் நேர்ந்ததை வரிசையாக எழுதி நிறுத்திவிட்டார். கையில் பூச்சி துடிக்க, நெற்றியில் வியர்வை அரும்ப நிற்கும் மனிதன் நம் கண்முன் வருகின்றான். பண்டிதர் ஒருவர் இதே நிகழ்ச்சியை எழுதப் புகுந்திருந்தால் சூரியனும் சந்திரனும் தாமரையும் வந்து குவிந்திருக்கும். பூச்சி மட்டும் பறந்துபோயிருக்கும். அறிவியல் எழுத்தாளனுக்கு உணர்ச்சி ஆகாது என்போர் இப்பக்கத்தைப் படிக்கட்டும்.

இத்தனை புகழும் தகும். எனினும் இந்த இடத்தை எடுத்துக் காட்டுவோர் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகின்றார்கள் என்பதே நம் குறை. அடுத்து வரும் பத்தியை அவர்கள் படித்ததாகவே காட்டிக்கொள்வதில்லை. அதுவோ, நம் கருத்தில், அவ்வத்தியாயத்தின் உயிர்நாடி.

பச்சானுக்குச் செல்கையில் வாலேஸுடன் வேலையாட்கள் நால்வர் இருந்தனர். அவர்களுள் ஒருவன் லாஹி. கீலோலோ எனப்பட்ட ஹல்மஹேரா தீவைச் சேர்ந்தவன்; மலாய் பேசத் தெரிந்தவன்; விறகு வெட்டவும் எடுபிடி வேலை செய்யவும் அமர்த்தப்பட்டவன். முசேண்டாச் செடியைச் சுற்றிலும் புதர் மண்டிக் கிடந்தது. அப்புதரை வெட்டி வெளியாக்கியவன் லாஹி. பின்னர் பக்கத்து மரத்தடியில் சிறிய இருக்கையும் அமைக்கப்பட்டது. நாள்தோறும் நண்பகலில் அங்கமர்ந்து தம் உணவை உண்டுகொண்டே வாலேஸ் பூச்சிக்காகக் காத்திருந்தார். நாளொன்றுக்கு ஒன்று வீதம் கிடைத்தது உண்மை. ஆனால் அவற்றிற் பாதிக்கு மேல் பெண் பூச்சிகள்; மீதியிலும் பாதிக்கு மேல் சிறகு தேய்ந்தவை, கிழிந்தவை. விலைபோகும் அழகிய ஆண் பூச்சி கிடைத்தல் அருமையாயிருந்தது.

அப்போதுதான் லாஹியின் கையில் ஒரு வலை கொடுக்கப்பட்டது. நல்ல பூச்சி ஒன்றுக்கு அரைநாட் கூலி அதிகமாகத் தரப்படும் என்று ஏற்பாடு. இரண்டொரு நாளில் அவன் இரண்டு நல்ல பூச்சிகளோடு வந்தான். ஊருக்கு ஒரு மைலுக்கு அப்பால், மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் பாறை நிறைந்த ஆற்றில் பிடித்ததாகச் சொன்னான். பூச்சிகள் ஆற்றின் போக்கோடு பறந்து வந்து, நீர் நடுவே இருக்கும் கற்களின்மேல் சற்றே அமர்ந்து செல்கின்றன. அவற்றைப் பிடிக்க நீரில் இறங்கி எதிரே நடக்க வேண்டும், அல்லது பாறை விட்டுப் பாறை தாவ வேண்டும். வாலேஸ் ஒரு நாள் அவனோடு சென்று பார்த்தார். நீரின் வேகமும் கல்லின் வழுக்கலும் தமக்கு ஒத்துவரா என்று கண்டு அவ்வேலையை முழுதும் அவனிடமே விட்டுவிட்டார். அதுமுதல் அத்தீவை விட்டுப் புறப்படும் வரையில் லாஹி காலை முதல் மாலை வரை ஆற்றிலேயே இருந்தான். பெரும்பாலும் நாளுக்கு ஒன்று. நல்ல நாளில் இரண்டு, மூன்று. இவ்வாறாக நூற்றுக்கு மேற்பட்ட பூச்சிகள் சேர்ந்தன. அவற்றுள் மிக அழகிய ஆண் பூச்சிகள் இருபது இருக்கலாம். குறையே சொல்ல முடியாதவை ஐந்தோ ஆறோ.

வாசகர்கள் இதை ஊன்றி நோக்க வேண்டும். இத்தனை செய்திகளையும் நமக்குத் தந்தவர் வாலேஸ்தான். கூலியை எழுதினார், வேலையாளின் பெயரை எழுதினார், தம்மால் இயலாததை அவன் செய்தான் என்பதையும் எழுதினார். அக்காலத்துப் பயண நூல்களிற் பலவற்றில் இம்மூன்றில் ஒன்றுகூடக் காணக்கிடையாது. "எமது கூலிகள்" என்ற சொல்லோடு காரியம் முடிந்துவிடும். ஆகவே வாலேஸை நேர்மையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு. எஜமானனின் நெஞ்சு அடித்துக்கொண்டதற்கு ஒரு பத்தி முழுதும் இடமிருந்த நூலில், வழுக்குப் பாறையில் தாவி முதற்பூச்சியை வலைக்குள் வீழ்த்திய லாஹியின் நெஞ்சு எப்படி அடித்தது என்பதற்கு ஒரு வரிக்கும் இடமில்லாமற் போனது ஏன்? அவனுக்கும் அன்று தலைவலி வந்ததா? கூலியை எண்ணினானா, சிறகை எண்ணினானா, இரண்டையுமா? ஆசிரியர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

தோட்டத்தில் வாழ்ந்த நம்மவர்க்கு இது புதிய கதையன்று. பால்மரம் வெட்டியவனின் பெயர் செக்ரோலில் இருந்தது, கூலிக் கணக்குக்காக. கம்பெனியின் ஆண்டறிக்கையில் இருந்தது இரப்பரின் எடை மட்டுமே.

இனி, பெயர் சூட்டிய விஷயத்திற்கு வருவோம். பச்சானில் கிடைத்த அப்பூச்சிக்கு வாலேஸ் இட்ட பெயர் ஆர்னித்தொப்டெரா கிரீசஸ். கிரீசஸ் என்பவன் பழங்காலத்தில் லிடியா நாட்டை ஆண்ட மன்னன். மேல்நாட்டார் பெருஞ்செல்வனைக் குறிக்க அவன் பெயரையே சொல்வர். பொன்னிறச் சிறகுக்கு அப்பெயர் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பொன்னை ஆற்றில் இறங்கி எடுத்தவன் பெற்றது அரைநாட் கூலி என்பதையும் சேர்த்து எண்ணும்போது, அப்பெயரில் ஆசிரியர் கருதாத ஒரு கேலி ஒலிக்கின்றது. இதற்கு முன் 1855-ம் ஆண்டில் சரவாக்கில் வாலேஸ் கண்ட மற்றொரு பூச்சிக்கு, அந்நாட்டை ஆண்ட வெள்ளை ராஜாவாகிய ஜேம்ஸ் புரூக்கின் பெயர் சூட்டப்பட்டது. இன்று மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி எனப் போற்றப்படுவது அதுவே. 1906-ம் ஆண்டில் மீக் என்பவர் நியூகினியில் உயரத்தில் பறந்த பெண் பூச்சி ஒன்றைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். அதை அவர் பிடித்து அனுப்பியது ராத்ஸ்சைல்டு என்னும் பெருஞ்செல்வருக்காக. உலகில் உள்ள வண்ணத்துப்பூச்சிகள் எல்லாவற்றிலும் பெரிதாகிய அதற்கு அவர் இங்கிலாந்தின் அரசி அலெக்ஸாந்திராவின் பெயரை வைத்தார். அரசன், அரசி, குபேரன் என்று ஆளைப் பார்த்தே பெயர் அமைந்தது. பூச்சி நூலார் எல்லோரும் அன்று செய்தது அதுதான். வாலேஸ் மட்டும் அதற்கு விலக்காகவில்லை.

இதைவிட நுட்பமான ஒரு விஷயமும் உண்டு. "அரிய" பூச்சி என்கின்றார்களே, அரிதென்பது என்ன? சரவாக்கில் கண்ட புரூக் பூச்சியை வாலேஸ் வருணிக்கும் பகுதி மிக இனியது: கருநிறச் சிறகின் குறுக்கே நுனி முதல் நுனி வரை இறகு வடிவில் அடுக்கிய பச்சைப் புள்ளிகள், கழுத்தில் செந்நிறப் பட்டை. அது மிகவும் அரிது என்றும், காட்டை வெட்டிய வெளிகளில் விரைந்து பறந்து, சேற்று நீரில் கணப்பொழுது அமரும் என்றும், இரண்டு மூன்றுக்கு மேல் பிடிக்க முடியவில்லை என்றும் எழுதுகின்றார். அவர் கண்டது அவ்வளவே. எனவே எழுதியது மெய். ஆனால் மலாயாத் தீபகற்பத்திலோ அதே இனத்தின் ஆண் பூச்சிகள் வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்திலும் உப்புக் கசியும் ஆற்று மணலிலும் கூட்டங்கூட்டமாக வந்து நீர் உறிஞ்சும். பேராக்கில் கோப்பேங் நகருக்கு அருகிலுள்ள உலு கெரோ என்னும் இடம் அதற்குப் பெயர்பெற்றது. அங்கு வாழும் செமாய் மக்கள், ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடிகளுள் ஒரு பிரிவினர், அப்பூச்சிகள் எங்கு இறங்கும், எந்நேரம் இறங்கும் என்பதை நன்கு அறிந்தவர்கள். முன்னாளில் பிடித்து விற்றார்கள். பிற்காலத்தில் காண வருவோர்க்கு வழிகாட்டிகளாயினர். பறவைச் சிறகினங்களின் வாணிகம் உலக நாடுகளின் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டது. அரசி அலெக்ஸாந்திராவின் பூச்சியை வாணிகத்திற்காக நாடுவிட்டு நாடு கொண்டுசெல்வது அறவே விலக்கப்பட்டது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? ஒரு பூச்சியின் அருமையிற் பாதி, தேடுவோன் இடம் அறியாமையால் விளைவது. முசேண்டாச் செடியண்டை அமர்ந்திருந்தவர்க்குக் கிரீசஸின் ஆண் பூச்சி அரிது. ஆற்றில் இறங்கியவனுக்கு நாளுக்கு இரண்டு மூன்று. இதை நாமாகக் கற்பித்துச் சொல்லவில்லை. எண்ணிக்கையைக் கொண்டே ஆராய்ந்தோர் உளர். மலாயாவின் இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பணிபுரிந்த கார்பெட் என்னும் விஞ்ஞானி, பெண்டில்பரி என்பவரோடு சேர்ந்து 1934-ம் ஆண்டில் மலாயா வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். தாம் சேர்த்த பூச்சிகளை அவர் வகைவகையாக எண்ணிப் பார்த்தபோது, ஒரே ஒரு முறை மட்டும் அகப்பட்டவை 118 வகை, இருமுறை அகப்பட்டவை 74, மும்முறை அகப்பட்டவை 44 என்று கண்டார். அகப்படாமலே போன வகைகள் எத்தனை இருக்கும் என்ற கேள்வியைப் பிஷர் என்னும் கணித அறிஞரிடம் கொண்டு சென்றார். இன்னும் அத்தனை காலமே தேடினால் புதிதாக ஏறக்குறைய 75 வகைகள் கிடைக்கும் என்று பிஷர் கணக்கிட்டார். 1943-ம் ஆண்டில் வெளிவந்த அக்கட்டுரை புள்ளியியல் பயில்வோர் இன்றளவும் படித்துவரும் ஒன்று. ஒருமுறை அகப்பட்டது என்பதற்கும் உலகில் ஒன்றே உள்ளது என்பதற்கும் எத்துணைத் தூரம் என்பதை அவ்வெண்களே காட்டுகின்றன.

ஆகவே லாஹி செய்தது வெறும் கால் வேலையன்று. ஆண் பூச்சி ஆற்றோட்டத்தைப் பற்றிப் பறக்கும் என்பதும், நீர் நடுவே கல்லில் இறங்கும் என்பதும் அவன் கண்டறிந்த உண்மைகள். ஐரோப்பியக் கலாசாலை ஒன்றில் இருப்பவர் அதைக் கண்டிருந்தால் "அவதானிப்பு" என்று பெயரிட்டுச் சஞ்சிகையில் எழுதியிருப்பார். விறகு வெட்டியவன் கண்டதால் அது "சொன்னான்" என்ற வினையோடு முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் வாலேஸின் மற்றொரு பகுதியோடு நாம் மாறுபட வேண்டியிருக்கின்றது. 1857-ம் ஆண்டு ஆரு தீவுகளில் அரச சொர்க்கப் பறவையைக் கையில் ஏந்தியபோது அவர் சிந்தித்த சிந்தனைகள் நூலில் புகழ்பெற்றவை. நாகரிக மனிதன் இக்காடுகளுக்கு வந்து சேர்ந்தால் இவ்வுயிர்கள் அழியும் என்று அன்றே எச்சரித்தார். உயிர்கள் யாவும் மனிதனுக்காகவே படைக்கப்பட்டன என்ற எண்ணத்தை மறுத்தார். இவை போற்றத்தக்க கருத்துகள். ஆனால் அதே மூச்சில், இத்துணை அழகு தலைமுறை தலைமுறையாக அறிவுள்ள கண் ஒன்றும் காணாமலே பிறந்து மடிந்ததே என்று இரங்குகின்றார். அவ்வழகை உணர்ந்து துய்க்கத் தகுதியுள்ளவன் நாகரிக மனிதன் ஒருவனே என்பது அவர் கருத்து. ஆருவில் வாழ்ந்தவர்க்குக் கண் இல்லையா? அந்தப் பறவையை மரத்தினின்றும் வீழ்த்தி அவர் கையிற் கொடுத்தது யார் என்று நாம் கேட்க வேண்டியதில்லை. தம் வேலையாள் ஒருவன் கொண்டுவந்தான் என்று அவரே எழுதுகின்றார். பூச்சியின் சிறகில் ஒரு புள்ளி மிகுந்தாலும் குறைந்தாலும் கண்டுபிடிக்கும் கண், பக்கத்தில் நிற்பவன் முகத்தைக் காணத் தவறிய இடம் இது.

இதிலும் வியப்பு யாதெனில், இதே நூலின் முடிவுரையில் வாலேஸ் தம் சொந்த நாட்டைக் கடுமையாகத் தாக்குகின்றார் என்பதே. ஐரோப்பியர் பொருளறிவில் உயர்ந்தும் ஒழுக்கத்தில் உயரவில்லை. செல்வம் பெருகியதோடு வறுமையும் குற்றமும் பெருகின. தீவுகளிற் கண்ட எளிய சமூகங்களில் மனிதர்க்குள்ளே உயர்வு தாழ்வு இத்துணை இல்லை என்று எழுதுகின்றார். நிலம் தனியாருக்குச் சொந்தமாயிருத்தல் முறையா என்றும் கேட்கின்றார். பிற்காலத்தில் நிலத்தைப் பொதுவுடைமையாக்கக் கோரிய சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். சீர்திருத்த நோக்கமுடையோர் தலையில் வைத்துக் கொண்டாடத்தக்க பக்கங்கள் அவை. அப்பக்கங்களுக்கும் பச்சானில் கொடுத்த அரைநாட் கூலிக்கும் இடையே ஒரு பாலம் கட்ட ஆசிரியர் முயலவில்லை. இலண்டன் சேரியில் கண்ட அநீதியைப் பற்றி எழுதும் அதே பேனா, தம் கூடாரத்தில் நடந்த உழைப்புப் பங்கீட்டை இயற்கை நியதிபோல் எழுதிச் செல்கின்றது. இது நூலின் குறை என்றே நாம் கொள்கின்றோம். வாலேஸைப் போன்ற நேர்மையாளரிடம் எதிர்பார்க்கத்தக்கதையே எதிர்பார்த்துச் சொல்லும் குறை இது. சிறுமனத்தாரிடம் இதை யார் கேட்கப் போகின்றார்கள்?

சிங்கப்பூரைப் பற்றிய இரண்டாம் அத்தியாயத்திலும் இதே நிலைதான். புக்கித் தீமாவில் இரண்டு மாதத்திற்குள் 700 வகை வண்டுகள் கிடைத்தன, அவற்றுள் நெடுங்கொம்பு வண்டுகள் மட்டும் 130 வகை. ஏறக்குறைய எல்லாம் ஒரு சதுர மைலுக்கு மேற்படாத ஒரே காட்டில் கிடைத்தவை. இந்த அதிசயத்திற்குக் காரணம் என்னவென்று வாலேஸ் ஆராய்ந்து, அங்கே சில ஆண்டுகளாக மரம் வெட்டிவந்த சீனத் தொழிலாளிகளே என்று முடிவு கூறுகின்றார். அவர்கள் வெட்டிப் போட்ட மரமும் பட்டையும் மரத்தூளும் வண்டுகளுக்கு ஓயாத விருந்தாயின. அழகான முடிவு, உண்மையும் அதுவே. அதே அத்தியாயத்தில், புதிதாகக் காடழித்த கம்பீர் தோட்டங்களில் வேலை செய்யும் சீனர்களை நாளொன்றுக்கு ஒருவர் வீதம் புலி கொன்று தின்பதாகவும் எழுதுகின்றார். அதற்கு ஒரு வாக்கியந்தான். அதைத் தாண்டிப் புலிக்குழியின் ஆழத்தையும், அதில் தாம் விழாமல் தப்ப வேண்டியதையும் சொல்லிப் போய்விடுகின்றார். வண்டுக்கு விருந்திட்டவனே புலிக்கும் விருந்தானான் என்பதை இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வாசகன் தானே கண்டுகொள்ள வேண்டியிருக்கின்றது.

அந்த அத்தியாயத்தில் நம்மவரைப் பற்றியும் ஒரு வரி உண்டு. சிங்கப்பூரிலுள்ள "கிளிங்" மக்கள் மேற்கிந்தியாவிலிருந்து வந்த முகமதியர், சிறு வணிகரும் கடைக்காரருமாய் இருக்கின்றனர் என்கின்றார். அப்பெயர் இன்று நம்மை இழிவாகச் சுட்டும் சொல்லாகிவிட்டது. அந்நாளில் அது ஒரு வழக்குச் சொல் என்று விட்டுவிடுவோம். ஆனால் மேற்கிந்தியா என்றது எதனால்? அவர் கண்டவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து, அதாவது இந்தியாவின் கீழ்க்கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். எந்தத் தீவின் கிழக்குக் கரையில் எந்த வண்டு, மேற்குக் கரையில் எது என்று நூல் முழுதும் பிரித்துக் காட்டிய பெரியார், எதிரே கடை வைத்திருந்தவனின் கரையை மாற்றி எழுதிவிட்டார். கடைக்காரனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதுமே என்று நமக்குச் சிரிப்பு வருகின்றது.

வேலையாட்களைப் பற்றிப் பேசும்போது அலியைச் சொல்லாமல் விட்டால் அது வாலேஸுக்கு நாம் செய்யும் அநீதியாகும். 1855-ம் ஆண்டில் சரவாக்கில் சேர்ந்த அந்த மலாய் இளைஞன், சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, ஏறக்குறைய எல்லாப் பயணங்களிலும் உடனிருந்தான். 1858-ல் பச்சானில் இதுவரை யாரும் அறியாத சொர்க்கப் பறவை ஒன்றை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து காட்டியவன் அவனே. அப்பறவை இன்று வாலேஸின் பெயரால் வழங்குகின்றது. 1862-ம் ஆண்டு சிங்கப்பூரில் பிரிகையில் பணத்தோடு தம் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இரண்டையும் அவனுக்குக் கொடுத்தார், புகைப்படமும் எடுக்கப்பட்டது. 1905-ம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்றில் அப்படத்தை வாலேஸ் அச்சிட்டார். 1907-ம் ஆண்டில் அமெரிக்க விலங்கியல் அறிஞர் தாமஸ் பார்பர் தெர்னாத்தேவில் இறங்கியபோது, முதியவர் ஒருவர் எதிரே வந்து தம்மை "அலி வாலேஸ்" என்று கூறிக்கொண்டார். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் எஜமானனின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சொல்லியவர் வேலையாள். பறவைக்கு அலியின் பெயரைச் சேர்க்க எஜமானனுக்கோ, பெயர் வைத்த பண்டிதர்க்கோ தோன்றவில்லை.

அப்படிச் சேர்த்துச் சொல்லுதல் அக்காலத்தில் இயலாத காரியம் என்று சிலர் வாதிக்கக் கூடும். அன்னோர் மார்கரட் பௌண்டெயின் என்ற ஆங்கில மாதின் செய்தியை அறிதல் வேண்டும். உலகின் பல கண்டங்களிலும் வண்ணத்துப்பூச்சி தேடித் திரிந்தவர் அவர். 1901-ம் ஆண்டு டமாஸ்கஸ் நகரில் மொழிபெயர்ப்பாளராகவும் வழிகாட்டியாகவும் அமர்த்திய கலீல் நைமி என்ற சிரியா நாட்டவர், பின் பல ஆண்டுகள் அவருக்கு வாழ்க்கைத் துணைபோலவே உடன் திரிந்து பூச்சி சேர்த்தார். 1940-ம் ஆண்டு டிரினிடாடில் அவ்வம்மையார் இறந்தபோது ஏறக்குறைய 22,000 வண்ணத்துப்பூச்சிகளை இங்கிலாந்தின் நார்விச் நகரப் பொருட்காட்சிசாலைக்கு விட்டுச் சென்றார். அத்தொகுதிக்கு அவர் வைத்த பெயர் "பௌண்டெயின்–நைமி தொகுதி". அன்பின் மிகுதியால் செய்தது என்பர். இருக்கட்டும்; வழி இருந்தது என்பதற்கு அது சான்றன்றோ?

வாலேஸின் நூலைப் படிக்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு சொல். அத்தியாயங்கள் காலத்தின் வரிசையில் அமைந்தவையல்ல. தீவுகளின் வரிசையில் அமைந்தவை. ஆசிரியர் ஒரே தீவுக்கு இருமுறை, மும்முறை சென்றதையெல்லாம் ஒரே இடத்திற் சேர்த்து எழுதியிருப்பதால், எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்று படிப்பவர் தடுமாறுவர். அத்தியாயத் தலைப்புகள் பலவற்றில் உள்ள தேதியைக் குறித்துக்கொண்டு படித்தால் அத்தடுமாற்றம் நீங்கும். மண்டையோட்டு அளவுகளையும் சொற்பட்டியல்களையும் கொண்ட பிற்சேர்க்கைகளை விட்டுவிடினும் நட்டமில்லை. 2015-ம் ஆண்டில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட குறிப்புரையுடன் கூடிய பதிப்பு, இந்நாட்டவர்க்கு ஏற்றது. முழு நூலையும் படிக்கப் பொழுதில்லாதவர் சிங்கப்பூரைப் பற்றிய இரண்டாம் அத்தியாயத்தையும், பச்சானைப் பற்றிய இருபத்துநான்காம் அத்தியாயத்தையும் படிக்கட்டும். இருபத்துநான்காம் அத்தியாயத்தில் நெஞ்சு படபடத்த பத்தி முடிந்ததும் நூலை மூடிவிடாமல், லாஹி ஆற்றில் இறங்கும் பத்தி வரையிலேனும் படித்தல் வேண்டும்.